கல்லில் ஒட்டியிருந்த மஞ்சள் தாள்

1

எங்கள் ஊருக்கு இந்தக் கோடையில் பிறந்தநாள் கொண்டாடினோம். எத்தனையாவது என்று மட்டும் கேட்காதீர்கள். ஊரின் பெயர் முதன்முதலில் எந்த ஏட்டில் எழுதப்பட்டது என்பதில் இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. மடத்து ஏடு என்கிறது ஒன்று, பிரபுவின் வரி ஏடு என்கிறது மற்றது. இரண்டு கட்சிக்காரரும் பேக்கரியில் சந்தித்தால் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். இரு தரப்பும் எனக்கு பியர் வாங்கித் தருவதால் நான் நடுநிலை.

'எங்கள் ஊர்' என்றதும் யாழ்ப்பாணத்து வரைபடத்தை விரிக்க வேண்டாம். இது ஜேர்மனியில், கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போய், பிறகு நாளுக்கு நாலு தடவை மட்டும் மனம்வைத்து வரும் பஸ்ஸில் ஏறினால் கிடைக்கும் ஊர். ஒரு தேவாலயம், பூட்டிய சத்திரம் ஒன்று, மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் ஒரு தெரு நிறைய. அந்த வீடுகளில் ஒன்று என்னுடையது. யன்னலுக்கு வேறு நிறம் அடிக்க வேண்டுமென்றால் மரபுச்சின்னக் காரியாலயத்துக்கு ஒரு அன்ட்ராக் எழுத வேண்டும். விண்ணப்பத்துக்குத்தான் இங்கே அன்ட்ராக் என்று பெயர். பச்சை கேட்டேன். பழுப்புத் தந்தார்கள்.

இந்த ஊரின் வரலாற்று வழிகாட்டி நான்தான். சிரிக்காதீர்கள். பூட்டுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் சாவித்துளை போட்டுவிட்டு ஓய்வு பெற்ற மறு மாதம், ஊர் மரபுச் சங்கத் தலைவர் வெண்டல் என் வீட்டுக்கு வந்தார்.

"ஹேர் சிவா, சுற்றிக்காட்ட ஆள் இல்லை. ஆள் இருந்தால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன்" என்றார். ஹேர் என்றால் இங்கே 'திரு'.

இப்படி முகத்துக்கு நேரே சொல்லுகிற மனிதரை எப்படி மறுப்பது? ஒப்புக்கொண்டேன். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து ஊர் வரலாறு முழுவதையும் பாடமாக்கினேன். முப்பது ஆண்டுப் போரைச் சொல்லும் இடத்தில், "ஸ்வீடன்காரர் எங்களைச் சூறையாடினார்கள், எங்கள் மாடுகளைக்கூட விட்டுவைக்கவில்லை" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். வந்தவர்கள் என் நிறத்தைப் பார்த்து, மாடு எந்த நாட்டு மாடு என்று குழம்புவார்கள். ஜேர்மன் மொழியில் சொல்லுக்குச் சொல் ஆண், பெண், அஃறிணை என்று மூன்று முன்சொற்களில் ஒன்று வரும். மூன்றையும் ஒரே முணுமுணுப்பில் கடத்திவிடுவேன். வெளியூர்க்காரர் அதை எங்கள் வட்டாரப் பேச்சு என்று குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை மியூனிக்கிலிருந்து வந்த அம்மையார், "உள்ளூர்க்காரர் ஒருவரும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்.

"இருக்கிறார்கள் அம்மா. எல்லாரும் சவக்காலையில். கடைசியாக அங்கேதான் போகிறோம்" என்றேன்.

நன்றாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பகிடியை ஒவ்வொரு சுற்றிலும் சொல்லிக்கொண்டிருந்தேன், இந்த வருடம் வைகாசி வரை.

2

வைகாசியில் ஒரு காலை, பிறந்தநாள் விழாச் சுற்றுக்கு ஒத்திகை பார்க்க நான் மட்டும் நடந்தேன். கடைசித் தரிப்பு, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சவக்காலை. அதன் வடக்கு மூலையில் எங்கள் தவமண்ணையின் சாம்பற் கலசம் புதைத்த இடமும், சிறிய சாம்பல்நிறக் கல் ஒன்றும் இருந்தன. தவராசா என்று தமிழிலும் ஜேர்மனிலும் பெயர் வெட்டிய கல். எப்போதும் அதைக் கடக்கும்போது, "என்னண்ணை, சுகமோ?" என்று கேட்டுவிட்டுப் போவேன்.

அன்றைக்குக் கேட்க வாயைத் திறந்தேன். கல்லைக் காணவில்லை. அது மட்டுமல்ல, அந்த வரிசையையே காணவில்லை. பக்கத்து வரிசையும் இல்லை. புதிதாக விதைத்த புல், சவரம் செய்த கன்னம் மாதிரி, மூலையிலிருந்து மூலை வரை.

இங்கே கல்லறை சொந்தமில்லை, தவணைக்குத்தான். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் அன்ட்ராக் எழுதி நீட்டிக்க வேண்டும். எழுதாவிட்டால் கல்லை எடுத்துவிட்டு நிலத்தைச் சமப்படுத்திவிடுவார்கள். சாம்பல் மண்ணுக்குள்ளேயே இருக்கும், மேலே அடையாளம் இராது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். சுற்றுக்கு வருபவர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன். தவமண்ணையின் தவணைக்கும் முடிவு உண்டு என்பது மட்டும் என் தலையில் ஏறவில்லை.

அந்தப் புல்லின் ஓரத்தில் நின்றபோதுதான் மஞ்சள் தாள் ஞாபகம் வந்தது.

போன ஐப்பசியில், திவசத்தன்று, படம் எடுக்கப் போயிருந்தேன். தவமண்ணையின் மனைவி ராணியக்கா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ஒவ்வொரு திவசத்துக்கும் அந்தக் கல்லின் படத்தை அவருக்கு அனுப்புவது என் வேலை. கல்லைக் கழுவி, செவ்வந்தி வைத்து, விளக்குக் கொளுத்தி எடுப்பேன். அன்று கல்லின் நெற்றியில் உள்ளங்கையளவு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. இங்கே ஆட்டம் காணும் கற்களுக்கு எச்சரிக்கைத் தாள் ஒட்டுவது வழக்கம். பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கல் மலை மாதிரி நின்றது. "அண்ணை, உங்களைப் போய் ஆடுறியள் எண்டு சொல்லுறாங்கள்" என்று சொல்லி, நகத்தால் சுரண்டித் தாளை எடுத்தேன். பசை போக வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து துடைத்தேன். படம் வடிவாக வந்தது.

வாசிக்கவில்லை. ஒரு ஊரின் வரலாற்றையே பாடமாக்கியவன், அந்தத் தாளில் இருந்த இரண்டு வரியை வாசிக்கவில்லை. 'இந்தக் கல்லறைக்கு உரியவர் உடனே நிர்வாகத்தோடு தொடர்புகொள்ளவும்' என்று இருந்திருக்கும். பக்கத்துக் கற்களிலும் அதே தாள் இருந்ததை, நான் எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது கண்டேன்.

இன்னும் கேளுங்கள். தேவாலய வாசலில் ஒரு கண்ணாடி அறிவிப்புப் பெட்டி இருக்கிறது. அதன் சாவி சங்கத்தின் சார்பில் என்னிடம். அகற்றப் போகும் வரிசைகளின் பட்டியல் மூன்று மாதம் அதில் தொங்கியதாம். அதற்குப் பக்கத்தில்தான் என் சுற்றுலா விளம்பரம். வாரத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து என் விளம்பரத்தை நேராக்கிவிட்டு வந்தேன்.

3

தவமண்ணை யார் என்று சொல்ல வேண்டும். ஊர் பேர் தெரியாத பிரபுக்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற நான், அவரைப் பற்றி எவருக்கும் ஐந்து நிமிடம் பேசியதில்லை.

எண்பதுகளில் அகதிகளாக வந்த எங்களை, பெயரை எழுதியெழுதி ஊர் ஊராகப் பிரித்தார்கள். எனக்கும் என்னைவிடப் பத்து வயது மூத்த அவருக்கும் இந்த ஊரின் சத்திரத்து மேல்மாடியில் ஒரு அறை. ஒரு கட்டில் யன்னலோரம், ஒரு கட்டில் கதவோரம். அவர் கதவோரத்தை எடுத்துக்கொண்டார். "பொலிஸ் வந்தால் முதல் என்னைத்தான் தட்டுவான், நீ நித்திரை கொள்ளு" என்றார்.

அந்தக் காலத்தில் அகதிகள் அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் காட்டுப் பாதையில் நடந்து எல்லைக்கல் வரை போவோம். பிரபுவின் முத்திரை வெட்டிய பழைய கல். தவமண்ணை ஒரு காலை அந்தப் பக்கம் வைத்து, ஒரு காலை இந்தப் பக்கம் வைத்து நிற்பார்.

"டேய் சிவா, இப்ப என்ரை வலது கால் களவாய் நிக்குது. இடது கால் சட்டப்படி நிக்குது. எந்தக் காலைப் பிடிப்பாங்கள்?"

"அண்ணை, வாங்கோ, ஆரும் பாக்கப்போறாங்கள்."

"பாக்கட்டும். வலது காலைத் திருப்பி அனுப்பச் சொல்லு. அதுக்குத்தான் ராணியைப் பாக்க வேணுமாம்."

அந்த எல்லைக்கல் இன்று என் சுற்றின் நாலாவது தரிப்பு. முத்திரையில் இருக்கும் கரடிக்கு ஏன் ஒரு காது குறைவு என்று சொல்வேன். அதற்கு இருபுறமும் நின்ற கால்களைப் பற்றிச் சொன்னதில்லை.

ராணியக்காவைக் கூப்பிட அவர் மூன்று முறை எழுதினார். ஒருமுறை அறை சிறியது என்றார்கள், ஒருமுறை வதிவிட அனுமதி போதாது என்றார்கள். மூன்றாவது எழுத்துக்குப் பதில் வருமுன் பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அங்கே போர், பாதையெல்லாம் பூட்டு. சாம்பலை அனுப்ப வழியில்லை. இங்கே சாம்பலை வீட்டில் வைத்திருக்கவும் சட்டம் விடாது. ராணியக்கா அயல்வீட்டுத் தொலைபேசியில் அழுது முடித்த பிறகு கேட்டார்: "தம்பி, அவரை உங்கை வச்சிரும். பாதை திறக்க வந்து மண் எடுக்கிறன்." நான்தான் பொறுப்பாளி என்று கையெழுத்து வைத்தேன். கல்யாணம் செய்த பிறகும் அதே சத்திரத்து மேல்மாடியில்தான் குடியிருந்தேன், அதனால் அந்த விலாசத்தைக் கொடுத்தேன். பிறகு வீடு மாறினேன். ஊருக்குள் இருநூறு அடி தள்ளித்தானே என்று கல்லறை நிர்வாகத்துக்கு அறிவிக்கவில்லை. கடிதம் பூட்டிய சத்திரத்துக்குப் போயிருக்கிறது.

பாதை திறந்தது. விசா திறக்கவில்லை. இரண்டு முறை மறுத்தார்கள். இந்த வருடம்தான் கிடைத்தது. அழைப்பவன் நான் என்பதால், பக்கத்துப் பட்டணத்து நகரசபையின் மேல்மாடியில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்துப் போய், வருகையின் காரணம் என்ற கட்டத்தில் 'கணவரின் கல்லறையைப் பார்க்க' என்று எழுதினேன். அந்தப் பெண் பிள்ளை முத்திரை குத்தும்போது, "இது நல்ல காரணம்" என்றாள். கல்லறை நிர்வாகம் அதே கட்டடத்தின் கீழ்மாடி. ஒரு படிக்கட்டு இறங்கி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஆக, வைகாசியில் நான் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ராணியக்கா யாழ்ப்பாணத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மண் எடுத்துப்போய்க் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் மிச்சம் வைத்திருந்த வேலை அது ஒன்றுதான்.

4

மகள் அபி லைப்சிக்கில் வேலை செய்கிறாள். அரச கடிதம், தொலைபேசி என்றால் அவள்தான் எங்கள் வீட்டு அமைச்சர். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். இப்படியே இருபது வருடமாக வண்டி ஓடுகிறது. புல்லையும் மஞ்சள் தாளையும் பற்றி அவளிடம் சொன்னேன்.

"தவராசா யார்?" என்றாள். "பனிக்குள் உங்களோடு நிற்கும் படத்தில் இருப்பவரா?"

அவளுக்கு ஆறு வயதிலேயே இந்த ஊருக்குக் கொள்ளைநோய் வந்த கதையைத் தூங்கவைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையைச் சொல்லவில்லை. அவளுடைய முதல் சப்பாத்தை வாங்கித் தந்தவர் அவர் என்றேன்.

"அப்பா, ஏன் கிழிச்சனீங்கள்?" அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்.

"படத்துக்காக."

நிர்வாகத்தோடு பேசிவிட்டு மாலையில் அழைத்தாள். கல்லை எடுத்துப்போய் நொறுக்கியாகிவிட்டது. மனிதர்கள் மரியாதையாகத்தான் பேசினார்களாம், ஆனால் முறைப்படி எல்லா அறிவிப்பும் கொடுத்திருக்கிறார்கள், குறை சொல்ல இடமில்லை. பழைய கையால் கீறிய வரைபடம் ஒன்று இருந்தது. அதை அனுப்பினார்கள். வடக்கு வாசலிலிருந்து இத்தனை மீட்டர் என்று இருந்தது. வடக்கு வாசலை இடித்து இப்போது இருக்கும் இடத்துக்கு மாற்றி எவ்வளவோ காலம்.

வெண்டல் அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையைப் பிடித்தேன். பழைய வாசல் எங்கே இருந்தது என்பதில் அவருக்கும் அவருடைய ஞாபகத்துக்கும் தகராறு. மூன்று முறை அளந்தோம். மூன்று இடம் வந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் ஒரு காரை நிறுத்தலாம்.

"ஹேர் சிவா, பதினாறாம் நூற்றாண்டுக் கல் என்றால் நாங்கள் சும்மா விட்டிருக்க மாட்டோம்" என்றார் வெண்டல். ஆறுதல் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் எடுத்தது.

5

ராணியக்கா வெள்ளிக்கிழமை வந்திறங்கினார். விழா ஞாயிறு. தொலைபேசியில் இத்தனை வருடம் கேட்ட குரலுக்கு முதன்முறையாக முகம் கிடைத்தது. மெலிந்த மனுசி. கைப்பையை யாரிடமும் தரவில்லை.

வதனி, என் மனைவி, முதல் நாளே சொல்லியிருந்தாள்: "விமான நிலையத்திலேயே சொல்லிப்போடுங்கோ. வீட்டை வந்து சோறு திண்ட பிறகு சொல்லாதேங்கோ."

விமான நிலையத்தில் நான் சொன்னது இது: "அக்கா, இஞ்சை நடக்கிற படி தானாய் ஓடும். நீங்கள் சும்மா நிண்டால் காணும். இந்த நாட்டிலை இதுக்கு மட்டும் அன்ட்ராக் வேண்டாம்."

அவர் சிரித்தார். காரில் பசுக்களைக் காட்டிப் பகிடி சொன்னேன். வீட்டில், பழுப்பு யன்னலைக் காட்டிப் பகிடி சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த பகிடிகளில் பாதி, வேறு எதையோ சொல்லாமல் இருக்கச் செய்தவை என்று அந்த இரண்டு நாளில் கண்டுகொண்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் கைப்பையைத் திறந்து, மூடி போட்ட பிளாஸ்ரிக் டப்பா ஒன்றையும், புதுத் தேயிலைக் கரண்டி ஒன்றையும் மேசையில் வைத்தார்.

"தம்பி, உங்கை தோண்ட விடுவினமோ? சின்னனாய்த்தான். ஆருக்கும் தெரியாது."

வதனி என்னைப் பார்த்தாள். நான் கரண்டியைப் பார்த்தேன்.

"ஞாயிறு போவம் அக்கா. சனிக்கிழமை அங்கை துப்புரவாக்கிற வேலை" என்றேன்.

குசினிக்குள் வதனி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஊர்ப்பட்ட செத்த சனத்தின்ரை கதையெல்லாம் மைக் பிடிச்சுச் சொல்லுறியள். ஒரு மனிசிக்கு ஒரு வசனம் சொல்ல வாய் வரேல்லையோ?"

"வரேல்லை" என்றேன். அது பகிடி இல்லை.

6

ஞாயிறு காலை ஒரு பெருங்கூட்டம். ராணியக்கா வெள்ளைச் சேலைக்கு மேல் வதனியின் குளிர்ச்சட்டையும், அபி விட்டுப்போன சப்பாத்தும் போட்டுக்கொண்டு கடைசியாக நடந்துவந்தார். ஒரு சொல் விளங்காது, ஆனாலும் நான் கைகாட்டிய திசையெல்லாம் பார்த்தார். "தம்பி நல்லாய்த்தான் சொல்லுறார்போலை, எல்லாரும் கேக்கினம்" என்று வதனியிடம் சொன்னாராம். ஸ்வீடன்காரர் மாடு கொண்டுபோன இடத்தில் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். கூட்டம் அதை வரலாற்றுத் துயரம் என்று எடுத்துக்கொண்டது.

சவக்காலை வாசலில் அந்தச் சவக்காலைப் பகிடியைச் சொல்லவில்லை. மதிலில் பதித்த பழைய கற்களைப் பற்றிச் சொல்லும்படி வெண்டலிடம் விட்டுவிட்டு, ராணியக்காவைச் சரளைப் பாதையால் வடக்கு மூலைக்கு அழைத்துப்போனேன். கையில் டப்பாவை எடுத்துவிட்டார்.

"அக்கா, கல்லு இல்லை."

"எந்தக் கல்லு?"

"அண்ணையின்ரை கல்லு. தவணை முடிஞ்சு எடுத்திட்டினம். கடுதாசி பழைய விலாசத்துக்குப் போட்டுது. கல்லிலை ஒரு தாளும் ஒட்டியிருந்தது அக்கா. அதைக் கிழிச்சது நான்தான்."

"ஏன் கிழிச்சனீர்?"

"உங்களுக்கு அனுப்பிற படத்திலை வடிவாய் இராது எண்டு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவர் எங்கை?"

"இதுக்குள்ளைதான் அக்கா. இந்தப் பக்கம்... இல்லாட்டி அந்தப் பக்கமாக்கும்."

"கையை வீசாமல் ஒரு இடத்தைக் காட்டும் தம்பி."

"தெரியாது அக்கா."

குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினார். ஒரு காலைப் புல்லின் மேல் நீட்டினார். அந்தரத்தில் நிறுத்தி, மெல்ல எடுத்துச் சரளைக்கல்லிலேயே வைத்தார்.

"எங்கை கால் வைக்கிறது? தெரியாமல் அவருக்கு மேலை மிதிச்சுப்போட்டனெண்டால்?"

இவ்வளவு தூரம் பறந்துவந்தவர், கடைசி நாலடியைத் தாண்ட முடியாமல் வெறுங்காலோடு கூரான கல்லில் நின்றார்.

"நான் மண் எடுத்துத் தாறன் அக்கா. நாலைஞ்சு இடத்திலை கிண்டி..."

"ஆரின்ரை மண்ணை? ஆரின்ரையோ மண்ணைக் கொண்டுபோய்க் கடலிலை கரைச்சுப்போட்டு, அவருக்குச் செய்தாச்சு எண்டு நான் படுத்து நித்திரை கொள்ளவோ?"

டப்பாவின் மூடியை இறுக்கிப் பையில் வைத்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, ஒரு இடம் என்றில்லாமல், புல் முழுவதையும் மூலையிலிருந்து மூலை வரை கும்பிட்டார்.

அப்போது வெண்டல் பேசி முடித்திருந்தார். வெளியே மேசையில் கேக்கும் கோப்பியும் காத்திருந்தன. கூட்டம் குறுக்கு வழியாகப் புல்லில் இறங்கியது.

"நில்லுங்கோ!" என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. எல்லாரும் நின்றார்கள். பிறகு ஜேர்மனில், தயவுசெய்து சரளைப் பாதையால் சுற்றி வாருங்கள் என்றேன். ஏன் என்று யாரோ கேட்டார்கள். வெண்டல் ராணியக்காவின் வெறுங்காலைப் பார்த்தார். முதலில் அவர் திரும்பி, சுற்றி நடந்தார்.

ராணியக்கா திரும்பிப் போகிறபோதும் என்னோடு கோபமாகப் பேசவில்லை. வதனிக்கு அரிசிமா வறுத்துக் கொடுத்தார், அபியோடு தொலைபேசியில் கதைத்தார். பெட்டியில் டப்பா வெறுமையாகப் போயிற்று. இந்த ஐப்பசியில் திவசத்தன்று நானே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். மழையைப் பற்றிச் சொன்னார், பிள்ளை சுகமோ என்று கேட்டார். படம் கேட்கவில்லை.

நான் இன்னும் ஊரைச் சுற்றிக்காட்டுகிறேன். சவக்காலையில் வடக்கு மூலைக்கு வந்ததும் எல்லாரையும் சரளைப் பாதையால் நீளச் சுற்றிக் கூட்டிப்போகிறேன். ஏன் என்று கேட்பார்கள். இந்த ஊரில் ஆணிக்கும் ஓட்டுக்கும் என்னிடம் கதை உண்டு. இதற்கு மட்டும், "இங்கே தவராசா என்று ஒருவர் இருக்கிறார், எந்த இடம் என்று எனக்குத் தெரியாது" என்று சொல்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும், சுற்று முடிவில் கிடைக்கும் கேக்கை நினைத்து அவசரப்படும் யாராவது ஒருவர் குறுக்கே இறங்கிவிடுகிறார். இப்போது பனிக்காலம் தொடங்கிவிட்டது. நரைத்த புல்லில் அந்தக் காலடிகள் மத்தியானம் வரை அப்படியே கிடக்கின்றன.